கண்டறியாத வேலை

'இழிசனர் வழக்கு.' அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்துப் பண்டிதர்கள் சிலர் புதிய எழுத்தாளர்களின் தமிழுக்கு வைத்த பெயர் இது. கமம் செய்கிறவரும் கள்ளுச் சீவுகிறவரும் வீட்டில் கதைக்கிற மாதிரியே சிறுகதையிலும் கதைத்தார்கள், அதுதான் குற்றம். மரபு செத்துவிட்டது என்றார்கள். அந்தச் சண்டைக்கு இலக்கிய வரலாற்றில் 'மரபுப் போராட்டம்' என்றே பெயர். பேச்சு வழக்கையும் செய்யுளையும் சேர்த்துப் பார்த்துத்தான் தொல்காப்பியர் இலக்கணம் செய்தார் என்று அதன் பாயிரமே சொல்கிறது. பண்டிதர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பார்வைக்கு மொழியைப் பற்றிய தீர்ப்பு. அடி விழுந்தது ஆட்களுக்கு.

டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதியைச் சொல்லி ஆசிரியர் இழிவுபடுத்தியதால் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிச் சலூனில் முடிவெட்டிக்கொண்டே வாசித்தார், எழுதினார். 1960இல் வந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. இப்படியொருவருடைய தமிழை 'இழிசனர் வழக்கு' என்றால் அது எங்கே போய்த் தைக்கும் என்று சொன்னவர்களுக்கு நன்றாகத் தெரியும். திறனாய்வாளர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் பண்டிதர்களுக்கு வாதத்தால் பதில் சொன்னார்கள். 'மண்வாசனை', 'தேசிய இலக்கியம்' என்ற சொற்கள் எழுந்து நின்றன. ஜீவாவோ 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்திக் காட்டினார். பிற்காலத்தில் மல்லிகை கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது.

கே. டானியல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒதுக்கி வைக்கச் சொன்ன சொல்லையே எடுத்துத் தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார்: 'பஞ்சமர்'. வசவை எறிந்தவன் கையில் அதன்பிறகு என்ன மிஞ்சும்? எனக்கு அந்தத் தலைப்பைப் போலத் துணிச்சலான தலைப்பு ஈழத்து நாவல்களில் வேறொன்று தோன்றவில்லை.

மரபை எதிர்த்தவர்களும் விரைவிலேயே தங்களுக்கென்று ஒரு மரபைக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜீவாவும் டானியலும் இருந்த முற்போக்கு அணியோடு நின்ற எஸ். பொன்னுத்துரை முரண்பட்டு வெளியே வந்தபோது அவருக்கும் வசைச்சொற்கள் காத்திருந்தன. 'தீ' நாவலை ஆபாசம் என்றார்கள். அவர் 'நற்போக்கு' என்று தனக்கு ஒரு சொல்லைத் தானே செய்துகொண்டார். புங்குடுதீவு மு. தளையசிங்கம் இரண்டு பக்கமும் சேராமல் 'மெய்யுள்' என்றார். பிறர் வைக்கும் பெயருக்குக் காத்திராமல் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட இந்த இருவர் மீதும் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

மரபை மீறுகிறவரைத் திட்ட வீடுகளுக்குள் இத்தனை பெரிய சொற்கள் தேவைப்படுவதில்லை. "கண்டறியாத வேலை" என்ற ஒன்றே போதும். முன்பு கண்டும் அறிந்தும் இராதது என்பதே எங்கள் ஆட்களிடம் திட்டு. போன தையில் வெள்ளவத்தையில் ஒரு கலியாணவீடு. பொம்பிளையின் தகப்பன் இல்லை. வழமைப்படி மாமன் மாமியைத் தாரை வார்க்கச் சொல்லிவிட்டுத் தாய் பின்னால் ஒரு கதிரையில் ஒதுங்கியிருக்க வேண்டும். இந்தத் தாய் சிவப்புக் கரைச் சேலையும் பொட்டுமாக மணவறைக்கு வந்து, மகளின் கையைப் பிடித்துத் தானே தண்ணீர் வார்த்தார். கை நடுங்கியது. செம்பு மாத்திரம் சரியவில்லை. எனக்குப் பின்வரிசையில் ஒரு குரல்: "கண்டறியாத வேலை பாக்கிறா. ஐயரும் பேசாமல் நிக்கிறார்." இன்னொரு குரல்: "தனிய நிண்டு வளத்தவ எல்லே, வேற ஆர் வாக்கிறது?" முதல் குரல் அடங்கிப்போனது. அந்த இரண்டாவது குரலுக்குரிய அம்மா வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தார்.

அதே வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் எழுத்தாளர்களின் அஞ்சலிக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு 'மரபை உடைத்தவர்', 'புரட்சி எழுத்தாளர்' என்ற அடைமொழிகள் பழக்கம். படத்துக்கு மாலை போட்டு, அடைமொழியும் சூட்டி, தேநீர் குடித்துக் கலைகிறோம். உடைத்த நாளில் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதைப் பற்றி மேடையில் ஒருவரும் வாய்திறப்பதில்லை. அந்த வசைகளை மறைத்துவிட்டுச் சொல்லும் புகழ் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. அடிபட்டதைச் சொல்லாமல் துணிவை எப்படிச் சொல்வது?

ஜீவா 2021 ஜனவரியில் கொழும்பில் காலமானார். 2027 ஜூன் 27இல் அவருடைய நூற்றாண்டு. மலர் போடுவார்கள், கூட்டம் வைப்பார்கள். அந்த மலரின் முதற் கட்டுரைக்கு 'இழிசனர் வழக்கு' என்றே தலைப்பு வையுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் யார், எந்த மேடையில், எந்தப் பத்திரிகையில் சொன்னார்கள் என்று பழைய இதழ்களைப் புரட்டித் தேடி எழுத இளையவர் ஒருவரை இப்போதே பிடியுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.