கரிசல் நிலத்து விசுவாசம்

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்பது நம் பிரசங்க பீடங்களினின்று அடிக்கடி கேட்கப்படும் ஒரு வாக்கியம். கேட்போரும் தலையசைத்து அதனை ஏற்றுக்கொள்ளுகின்றனர். ஆயினும் அஃது உண்மைதானா, உண்மையாயின் எவ்வாறு உண்மையாகின்றது என்று நின்று ஆராய்வார் சிலரே. வயிறு நிறைந்தவன் பசித்தவனை நோக்கி இதனைச் சொல்லுங்கால், அச்சொல் ஆறுதலாகாமல் புண்ணிற் கோலிட்டதாகவே முடிகின்றது. ஆதலின், நம் கலாசாலைக்கு ஆண்டுதோறும் மாணாக்கரை அனுப்பிவரும் கோவிற்பட்டிக் கரிசற்காட்டையே சான்றாக வைத்து இவ்வினாவை ஆராய்தல் தகும் எனத் துணிந்து இச்சிறு கட்டுரையை வரையலானேன். அடியேனும் அக்காட்டிற் பிறந்து வளர்ந்தவனே.

கோவிற்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் இந்நிலத்தை நண்பர் பலர் புகைவண்டியின் சாளரத்தினின்று கண்டிருப்பர். தாமிரபரணி நெடுந்தொலைவில் தெற்கே ஓடுகின்றது. வைப்பாறோ மழை பெய்தாலன்றி மணலாறே. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வடகீழ்ப் பருவமழையொன்றே குடியானவனுக்குக் கதி. பருத்தியும், கம்பும், சோளமும், உளுந்தும், மல்லியும், மிளகாயும் அம்மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. சித்திரை வெயிலில் இந்நிலம் பாளம்பாளமாய் வெடிக்கும். அயலூரார் கண்டு, "பாழ்நிலம்" என்பர். குடியானவனோ, முதல் மழை அவ்வெடிப்புகளின் வழியாகவே அடிமண்ணுக்கு இறங்குகின்றது என்பதனை அறிவான். இறங்கிய ஈரத்தைக் கரிசல் நெடுநாள் காத்துவைத்து, மழை நின்ற பின்னும் பருத்தியின் ஆணிவேருக்கு ஊட்டுகின்றது. எனினும், வெடிப்புத் தானே விளைச்சல் தருவதன்று. உழாமலும் விதையாமலும் விட்ட நிலம் எத்துணை ஆழமாய் வெடிப்பினும் களையும் முள்ளுமே முளைப்பிக்கும். துன்பத்தைக் குறித்து யான் சொல்லக் கருதுவதும் இதுவே. அது நெஞ்சைப் பிளக்கும். பிளந்த நெஞ்சினுள் இறங்குவது யாது என்பதே காரியம்.

இந்நாட்டிற் சுவிசேஷம் விதைக்கப்பட்ட வரலாற்றை நோக்குவோம். ராக்லண்டு ஐயர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உயர்ந்த தேர்ச்சி பெற்று, அங்கே கௌரவமான பதவியும் வகித்தவர். அவர் 1854ஆம் ஆண்டு முதல் பென், மெடோஸ் என்னும் தோழரோடு வட திருநெல்வேலியிற் கூடாரமிட்டுக் கிராமம் கிராமமாய்ச் சுற்றி வந்தார். தென் பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து அவர்களுக்குத் துணையாக அனுப்பின. நோய்கொண்ட உடலோடு அலைந்த ஐயர், 1858ஆம் ஆண்டு சிவகாசியிலே காலஞ்சென்றார். அவர் கண்ணாற் கண்ட பலன் மிகச் சிறிது. கணக்கெழுதுவோர் கண்ணுக்கு அவ்வுழைப்பு நட்டமென்றே தோன்றியிருக்கும். விதைத்தவன் அறுவடையைக் காணாமற் போவது கரிசற்காட்டில் புதுமையன்று. அதனால் விதைப்பை நிறுத்தினாரும் இல்லை.

பின்னர் 1876ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் மதுரையினின்று தூத்துக்குடிவரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றுக் கோவிற்பட்டி வழியே புகைவண்டி ஓடலாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலோ மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சமென்று நம் பாட்டிமார் வாய்வழி வழங்கிவந்த பெரும்பஞ்சம் அதுவே. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை இராசதானி முழுதும் மாண்டார் பல இலட்சம். 1877இல் இலண்டன் மாநகரத் தலைவர் திறந்த நிதியிலிருந்தும் பிற தருமங்களிலிருந்தும் வந்த உதவி, மிஷனெரிமார் கைவழியாகவும் ஏழைகளுக்குப் பகிரப்பட்டது. அவ்வாண்டிலேயே அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்ற கால்டுவெல் ஐயரும் சார்ஜெண்டு ஐயரும் திருநெல்வேலிச் சீமையில் அப்பணியை முன்னின்று நடத்தினர். பஞ்ச காலத்திலும் அதனையடுத்தும் பல்லாயிரவர் சபையை நாடி வந்தனர்.

அவர்களை "அரிசிக் கிறிஸ்தவர்" என்று உலகம் ஏளனம் செய்தது. இன்றும் சிலர் செய்கின்றனர். நம்மவருட் சிலர் தம் முன்னோர் அக்காலத்தில் வந்தவர் என்று சொல்ல நாணுகின்றனர். இந்நாணம் தக்கதன்று என்பது என் கருத்து. கர்த்தர் சொன்ன உவமையில், தூரதேசம் போன இளைய குமாரன் எதனால் வீடு திரும்பினான்? பசியினாலன்றோ? தகப்பன் வீட்டுக் கூலிக்காரர் வயிறார உண்பதை நினைத்தே அவன் எழுந்தான். தகப்பனோ அவனை வழியில் நிறுத்தி, "அன்பினால் வந்தாயோ, அப்பத்துக்காக வந்தாயோ?" என்று விசாரிக்கவில்லை; ஓடிச்சென்று கட்டிக்கொண்டான். அப்படியே, அப்பம் புசித்துத் திருப்தியடைந்த ஜனங்கள் பின்னர்க் கடினமான உபதேசத்தைக் கேட்டு விலகிப் போனதும் வேதத்திற் காணப்படுகின்றது. தாது வருஷத்துக்குப் பின்னும் இவ்விரு கூட்டமும் இருந்தன. மழை பெய்ததும் திரும்பிப் போனாரும் உளர். நிலைத்து நின்றாரும் உளர். இரு கூட்டத்தாரும் பட்டது ஒரே பசி. ஆகவே, பசிதானே விசுவாசத்தை உண்டாக்கிற்று என்றல் பொருந்தாது. நிலைத்தவரை நிலைநிறுத்தியது வேறொன்று.

அவ்வேறொன்று யாது? மாலைதோறும் அடித்த ஜெப மணி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த சிறு பள்ளி, நோயாளியின் திண்ணையில் வந்தமர்ந்த உபதேசியார், சாதிமுறை பாராமல் ஒரே பந்தியில் உட்கார முயன்ற அசனப் பண்டிகை, அடுப்பங்கரைப் பிடியரிசிக் கலயம் ஆகிய அன்றாடச் சிறு காரியங்களே என்பேன். பஞ்சம் தீர்ந்து 25 ஆண்டு சென்ற பின், 1903இல், அசரியா முதலியோர் முயற்சியால் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்பதே அதன் கொள்கை. பிறர் தந்த கஞ்சியால் உயிர் பிழைத்த ஒரு சீமை, ஒரு தலைமுறைக்குள் தன் கைப்பணத்தைக் கொண்டு தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பத் துணிந்தது. வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று.

பிடியரிசியைக் குறித்து எம் வீட்டு நிகழ்ச்சியொன்றைச் சொல்ல இடங்கொடுக்குமாறு வேண்டுகின்றேன். உலையிலிடுமுன் ஒரு பிடியை எடுத்துக் கலயத்திலிட்டு, ஞாயிறன்று ஆலயத்திற் படைப்பது எம் தாயார் வழக்கம். யான் சிறுவனாயிருந்தபோது ஓராண்டு மழை அறவே பொய்த்தது. கம்பு பாலேறாமலே கருகிற்று. பருத்திச் செடி முழங்காலளவும் வளரவில்லை. எம் தகப்பனார் உழவுமாடு இரண்டையும் விற்றார். அரிசி நின்று கம்பாயிற்று. பிடியும் சிறுத்துச் சிறங்கையாயிற்று. ஒரு வாரம் கலயம் வெறுமையாகவே இருந்தது. அவ்வாரத்துச் சனிக்கிழமை இரவு, உபதேசியார் விளக்கில்லாமல் வந்து, ஊரார் படைத்த பிடியரிசியிற் சேர்ந்திருந்த ஒரு சிறு மூட்டையை எம் திண்ணையில் வைத்தார். தகப்பனார் முகங்கொடுத்துப் பேசவில்லை. "நாங்கள் கொடுத்தே பழகினவர்கள், எடுத்துப் போங்கள், ஐயா," என்றார். உபதேசியார் எடுத்துப் போகவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை, திண்ணையில் நெடுநேரம் வாளாவிருந்துவிட்டு எழுந்து சென்றார்.

மறுநாட் காலை எம் தாயார் அம்மூட்டையை அவிழ்த்து, உலையிடுமுன் அதிலிருந்தே ஒரு பிடியை எடுத்துக் கலயத்திலிட்டார். தகப்பனார் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஆலயத்தில் அவர் வழக்கமாக அமரும் முன்வரிசையை விட்டுக் கடைசி வரிசையிற் போய் உட்கார்ந்தார். அதன் பின்னர் அவர் ஜெபம் மாறிற்று. முன்னெல்லாம் செய்தவற்றைச் சொல்லி நன்றி கூறுவார். பின்னர், பெற்றவற்றைச் சொல்லி நன்றி கூறலானார். அவர் விசுவாசத்தை ஆழமாக்கியது வறட்சியென்று பலர் சொல்லுவர். யான் அவ்வாறு சொல்லேன். வறட்சி அவரை ஏறக்குறைய உடைத்துவிட்டது. ஊராரின் பிடியரிசியே அவரைக் காத்தது. சாறிபாத் விதவையின் பானையிலிருந்த மாவும், அவள் அதனைப் பகிர்ந்த பின்னரன்றோ குறைவுபடாமல் நின்றது?

இதனின்று இரண்டு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, துன்புறுவோனைப் பார்த்துத் துன்பம் நல்லதென்று போதிக்க நமக்கு அதிகாரமில்லை. யோபுவின் நண்பர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து மௌனமாயிருந்தபோது நல்ல நண்பராயிருந்தனர். வாய் திறந்து காரணங் கூறத் தொடங்கியபோதே தவறினர். தாங்கும் தோள் இல்லாத துன்பம் மனிதனைக் கடவுளினின்று தூரமாக்குதலும் உண்டு என்பதனை நாம் ஒளிக்க வேண்டுவதில்லை. ஆபகூக் தீர்க்கதரிசியும் களிகூர்ந்து பாடுமுன், தோட்டத்திலும் வயலிலும் தொழுவத்திலும் இல்லாமற் போனவற்றை ஒவ்வொன்றாய் எண்ணிச் சொல்லினார். இழப்பை இழப்பென்று சொல்லுதல் அவிசுவாசமாகாது.

இரண்டாவது, வறட்சியைக் கடவுள் சித்தமென்று சொல்லிக் கைகட்டியிருத்தல் பக்தியன்று. கோவிற்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் விவசாய ஆராய்ச்சி நிலையமொன்று நடைபெற்று வருகின்றது. மானாவாரிப் பயிர்களுக்கேற்ற விதைகளையும் உழவு முறைகளையும் அங்கே ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் பரிந்துரைத்த முறைகளுள் ஒன்று, பருவமழைக்குச் சில வாரம் முன்னரே காய்ந்த புழுதியில் விதைத்து வைத்தல். வானத்தில் மேகமில்லாதபோதே விதை மண்ணுள் சென்று காத்திருக்கும். முதல் நல்ல மழையில் முளைத்து, அந்த ஈரம் முழுவதையும் பயன்கொள்ளும். மழை பெய்த பின் விதைப்பவனோ சேறு காயும்வரை காத்திருந்து அந்நாட்களை இழப்பான். விசுவாசத்தின் இலக்கணத்தை இதனினும் தெளிவாய்க் காட்டும் உவமை யான் அறியேன். அது கண்மூடித்தனமன்று, விதையின் ஆழத்தையும் நாளின் கணக்கையும் அறிந்து செய்யும் வேலை. ஆனாலும் மழை அவன் கையில் இல்லை.

மாணவ நண்பர்காள்! நம்மில் பலர் அக்காட்டின் மக்கள். கோவிற்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறையாய் விடியுமுன் எழுந்து, தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்று கட்டையடுக்கிய கூலியிலேயே எத்தனையோ தம்பியரின் பள்ளிச் சம்பளம் கட்டப்பட்டது. அக்கைமாரின் விரல் தேய்ந்ததனால் கற்ற கல்வியை வைத்துக்கொண்டு, தேர்விலே வஞ்சகஞ் செய்தலும், விடுதியில் ஏழைத் தோழனின் உடையை எள்ளுதலும், ஊர் திரும்பியதும் உழவன் முன் அமர்ந்து அவனை நிற்கவைத்துப் பேசுதலும் நம்மிடம் காணப்படுமாயின், ஞாயிறு தவறாமல் ஆலயஞ் சென்றும் பயனென்னை? விசுவாசம் ஆழமாகுமிடம் பெருந்துன்பம் மாத்திரமன்று. கடன் வாங்கிய புத்தகத்தைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தல், காய்ச்சலாய்க் கிடக்கும் அறைத்தோழனுக்குக் கஞ்சி கொண்டுவருதல், வீட்டிலிருந்து பணம் வாராத மாணாக்கனுக்குப் பிறரறியாமல் உணவுக் கட்டணம் செலுத்துதல் ஆகிய இவையே நம் பிடியரிசி. கொடுத்தலினும் அரியதொன்றுண்டு, நமக்குத் தேவை வந்தபோது நாணாமல் பெற்றுக்கொள்ளுதல் அது.

பழைய மாணாக்கராய் உயர் பதவிகளில் அமர்ந்திருக்கும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தங்கள் கலயம் நிறைந்திருக்கின்றது. இவ்வாண்டும் மழை பொய்த்த வீட்டிலிருந்து இக்கலாசாலைக்கு வரும் பிள்ளைகள் இருப்பர். அவர்கள் கேளாதிருக்கையிலேயே, எம் உபதேசியார் செய்தாற்போல் விளக்கில்லாமல் வந்து, திண்ணையில் வைத்துச் செல்லுங்கள். துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்னும் வாக்கியம் அப்பொழுதே அப்பிள்ளைகள்மட்டில் உண்மையாகும்.