நுரைக்கு வழி விடுங்க சார்!

நியூஜெர்ஸியில் குப்பை கொட்டும் என் பி.காம். கிளாஸ்மேட் ஒருவன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். போலீஸ் வராதா என்கிறீர்களா? 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. (நம்மூரில் முயன்றால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வீடு தேடி வரும். ஆகவே இது படிக்க மட்டும்!)

சென்ற மாதம் போனில் முக்கால் மணி நேரம் பேசினான். முழுக்க முழுக்க நுரை! குடிக்கிறவனுக்கு அது அழகு. காய்ச்சுகிறவனுக்கு எமன்.

முதல் பொங்கல் அடுப்பிலேயே. பார்லி மால்ட்டில் இருக்கும் புரோட்டீன், கஷாயம் கொதிக்கத் தொடங்கும்போது திரண்டு எழும்பும். பால் காய்ச்சத் தெரிந்தவருக்குச் சொல்லித்தர வேண்டாம். பெரிய பாத்திரம், கையில் தண்ணீர், பக்கத்தைவிட்டு நகராத ஆள்.

அசல் ரகளை அப்புறம்தான். ஆறிய கஷாயத்தில் யீஸ்ட் விழுந்ததும், அது சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடு விடும். 19 லிட்டர் பீருக்கு 300 லிட்டருக்கும் மேல் வாயு! மால்ட் புரோட்டீனும் ஹாப்ஸ் பிசினும் குமிழிக்குத் தோல் தைத்துக் கொடுப்பதால் நுரை உடையாமல் ஏறுகிறது. ஜாடி வாயில் வாயு மட்டும் வெளியேற, தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய் ஒன்று இருக்கும். ஹாப்ஸ் தூள் அதை அடைத்துவிட்டால்? வரவு இருக்கிறது, செலவு இல்லை. கணக்கு கூரையில் போய் டாலி ஆகும். கண்ணாடி ஜாடி என்றால் உடையவும் செய்யும்.

வைத்தியம் எளிது. 19 லிட்டரை 25 லிட்டர் ஜாடியில் வைக்கணும். சின்னக் குழாய்க்குப் பதில் தடித்த ஹோஸ் செருகி, மறுமுனையை வாளித் தண்ணீரில் முக்கணும். சூடு 18-20 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கணும். உஷ்ணம் ஏறினால் யீஸ்ட்டுக்குத் தலைகால் புரியாது.

பாட்டிலில் அடைக்கும்போது கேஸுக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். 19 லிட்டருக்கு 120 கிராம் போதும். புளிப்பு முடியும் முன்பே அடைத்தால் அது பாட்டில் இல்லை, வெடிகுண்டு. ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டணும். அதுவரை மூடியைத் தொடக்கூடாது. "அவசரப்பட்டவன் கையில் கண்ணாடி குத்தும்டா" என்றான்.

நுரையை அடக்க மருந்தும் உண்டாம். சிமெதிகோன். வயிற்று உப்புசத்துக்கு நாம் சப்பும் மாத்திரைகளில் இருக்கிற அதே சரக்கு! சில துளி விட்டால் குமிழிகள் பட்பட்டென்று உடைகின்றன. பெரும்பாலும் யீஸ்ட்டோடு அடியில் தங்கிவிடுவதால் கோப்பையில் நுரை குறையாதாம். எனக்கென்னவோ ஹோஸ்தான் தேவலை என்று படுகிறது. நண்பன் கேட்கவில்லை. கைக்குழந்தைக்கு வாங்கிய கேஸ் சொட்டு மருந்தை எடுத்து ஜாடியில் விட்டிருக்கிறான்.

இப்போது அந்தப் பாட்டில் அவன் மனைவியின் கைப்பையில், ஜிப் போட்டு, பத்திரமாக இருக்கிறது.