153 மீன்களின் சாட்சி

இயேசு யார் என்பதற்குச் சாட்சிகளை அடுக்கும் பிரசங்கங்கள் திருமுழுக்கு யோவானில் தொடங்கும். சிலுவையடியில் நின்ற ரோமானிய நூற்றுவர் தலைவனையும் விடாது. எனக்கு யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம்தான் பெரிது. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். இரவெல்லாம் வெறும் வலை. கரையில் நிற்பவர் யாரென்று படகில் ஒருவருக்கும் தெரியவில்லை. வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். அந்த மீன்பாட்டைக் கண்டதும்தான் அன்புச் சீடர் ஆளை அடையாளம் சொல்கிறார். கேட்டவுடன் கடலில் குதிக்கிறார் இராயப்பர் என்கிற பேதுரு. சில நாட்களுக்கு முன் இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்தவர்! துறைமுகம் வருமுன், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைக் கடந்து படகோட்டிய சமூகத்தார் ராயபுரத்தில் எழுப்பிய கோயில் அவர் பெயரில்தான் நிற்கிறது. மறுதலித்தவர் என்பதற்காக அவர்கள் அவரை ஒதுக்கவில்லை. அந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தீனார் அந்த எண்ணுக்கு ஆழமான பொருள் கண்டார். இருக்கட்டும். மீனை எண்ணாமல் பங்கு பிரிக்க முடியாது. அன்று படகில் இருந்த யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.