ஒரகடத்துக்கு எந்தக் கணிதம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "கணிதம்தான் வேண்டுமென்றால் பயன்பாட்டுக் கணிதம் எடு. தூய கணிதம் சோறு போடாது. ஆலை வாசலிலேயே இருக்கிறது." இதை நாம் மறுக்கிறோம்.

தூய கணிதத்தின் புனிதத்தைக் காப்பது நம் நோக்கமன்று. ('தூய' என்ற சொல்லைக் கண்டாலே இலக்கிய அன்பர்களுக்கு ஒரு கிறக்கம் வரும், அதையும் ஒதுக்கி வைப்போம்.) வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் பெண் மூன்றாண்டில் சம்பளம் வேண்டுமென்று நினைப்பதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் நாளைக்கு எது பயன்படும் என்பது ஆலைக்கு இன்றே தெரியும் என்று நம்புகிறார்களே, பிழை அங்கேதான் இருக்கிறது.

இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்ட க்யூஆர் குறி, கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கியது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஒரு பகுதி மறைந்தாலும் கருவி அதைப் படித்துவிடும். மிக உயர்ந்த திருத்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைவைக்கூடத் தாங்கும். ரீடும் சாலமனும் 1960-இல் வகுத்த பிழைதிருத்தக் குறியீடே காரணம். தகவலை ஒரு பல்லுறுப்புக்கோவையாகக் கருதி, தேவைக்கு மேல் சில மதிப்புகளைச் சேர்த்துவைப்பது அதன் உத்தி. அந்தக் கணக்கு நடக்கும் முடிவுறு புலங்களைப் பற்றி 1830-இல் எழுதியவர் கால்வா. இரண்டே ஆண்டில், தம் இருபதாம் வயதில், துப்பாக்கிச் சண்டையில் மாண்டார். கார் என்ற ஒன்றை அவர் கண்டதே இல்லை. நம் கல்லூரிகளில் இந்தப் புலங்கள் வருவது, சோறு போடாது என்று ஒதுக்கப்படும் அதே இயற்கணிதத்தாளில்தான்.

பாரீசுக்காரன் கதை நமக்கு எதற்கு என்பீர்களானால், இதோ பக்கத்துக் காஞ்சிபுரத்தில் 1932-இல் பிறந்தவர் சி. எஸ். சேஷாத்ரி. எம். எஸ். நரசிம்மனோடு அவர் 1965-இல் வெளியிட்ட தேற்றம் தூய வடிவியல். பிற்பாடு அது இயற்பியலின் யாங்–மில்ஸ் கோட்பாட்டோடு பிணைந்தது.

சரி, வாசலில் இருக்கும் ஆலை? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014-இல் நிறுத்தியது. எட்டே ஆண்டுகள். பிள்ளை உழைக்கவேண்டியதோ நாற்பது ஆண்டுகள்.

எனவே 'கணினிப் பயன்பாட்டுடன்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் கட்டணம் கட்டாதீர்கள். எந்தப் பிரிவானாலும் துறைத்தலைவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே மாணவர்கள் நிரூபணத்தைத் தாமே கரும்பலகையில் போட்டுப் பார்க்கிறார்களா, இல்லை நோட்ஸை மனப்பாடம் செய்து தேர்வில் இறக்கி வைக்கிறார்களா?