யானையை வாங்குமுன்...

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது நம் ஊர்ப்புறத்து வழக்கு. இன்று அந்த யானை நான்கு சக்கரங்களோடு நம் தெருக்களில் உலா வருகிறது. ரேஞ்ச் ரோவர், லேண்ட் குரூசர், பஜேரோ எனப் பெயர் பலவானாலும் இனம் ஒன்றுதான்: மலையும் சேறும் ஏறுவதற்கென்று பிறந்து, பின்னாளில் மாளிகை வாசலுக்குக் குடிபெயர்ந்த உயர்ரக ஜீப்புகள். புதிதாக வாங்கினால் ஒரு வீட்டின் விலை. பத்தாண்டு ஓடியபின் அவற்றுள் பல, ஒரு புதிய நடுத்தரக் காரின் விலைக்குக் கிடைக்கின்றன. அங்கேதான் ஆசை பிறக்கிறது.

கல்லூரி மலரில் இதென்ன கார் வியாபாரம் என்று பேராசிரியப் பெருமக்கள் புருவம் உயர்த்த வேண்டாம். விடுமுறை நாட்களில் நான் வேலை பார்க்கும் என் தாய்மாமனின் பட்டறைக்கு இத்தகைய வண்டிகளை இழுத்துக்கொண்டு வருவோர் பெரும்பாலும் செல்வந்தர்கள் அல்லர். முதல் ஒப்பந்த வேலையில் நாலு காசு பார்த்த இளைஞர்கள். நம் கல்லூரியிலிருந்து நேற்று வெளியேறியவர்களும் அவர்களுள் உண்டு. நிலத்தை அடகு வைத்து வாங்கிய ஒருவர், ஆறே மாதத்தில் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மறுபடியும் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். அடகு இன்னும் மீளவில்லை.

பொருளியல் படிக்கும் எனக்கு இதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆண்டுகள் ஏற ஏற விலை இறங்குவது வண்டிக்குத்தான். அதன் உதிரிப்பாகங்களுக்கு இறங்குவதில்லை. கோடி ரூபாய் வண்டியைப் பத்து இலட்சத்துக்கு வாங்கினாலும், பழுதாகும்போது அது கோடி ரூபாய் வண்டியாகவே பழுதாகும். ஆகவே, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க இயலாதவர் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

ரேஞ்ச் ரோவரையே எடுத்துக்கொள்வோம். 1970-இல் இங்கிலாந்தில் அது வெளிவந்தபோது, வயலில் உழைத்துவிட்டு வந்து உள்ளறையைக் குழாய் நீரால் கழுவிவிடலாம் என்பது அதன் பெருமைகளுள் ஒன்று. பிறகு தோல் இருக்கை வந்தது, மரவேலைப்பாடு வந்தது, 1992-இல் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் காற்றுத் தாங்கிகள் வந்தன. 2008-இல் அந்த நிறுவனத்தையே நம் நாட்டு டாட்டா வாங்கிவிட்டது. சேற்று வண்டிக்குள் ஒரு அரண்மனையைக் கட்டியது போன்ற கதை இது. வாங்குகிறவர் அரண்மனையைப் பார்த்து மயங்குகிறார். பார்க்க வேண்டியதோ அடியில் இருக்கிறது.

அந்தக் காற்றுத் தாங்கிகள் ரப்பர் பைகளே. இரும்புச் சுருளுக்குப் பதிலாக அவற்றில் அடைத்த காற்று வண்டியைத் தாங்குகிறது. வயதானால் ரப்பர் வெடிக்கும். காற்று மெல்லக் கசியும். கசிந்ததை ஈடுகட்ட கம்ப்ரெசர் ஓயாமல் ஓடி அதுவும் பழுதாகும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரவு சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் மேலுள்ள உடல் வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வையுங்கள். காலையில் ஒரு மூலை மண்டியிட்ட ஒட்டகம்போல் தாழ்ந்திருந்தால் செய்தி விளங்கிவிடும். ஒரு நாள் இரவுக்கு வண்டியை விட்டுவைக்க மறுக்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

காலையில் அந்த எஞ்சினை நீங்களே கிளப்புங்கள். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். எண்ணெய் மூடியைத் திறக்கும்போது உள்ளே மோர்போல் வெளுத்த பசை ஒட்டியிருந்தால், எண்ணெயில் நீர் கலக்கிறதோ என்று ஐயுற வேண்டும். பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் எண்ணெயும் அப்படி வெளுத்திருந்தால் வண்டி ஆழமான நீரில் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

நீர் என்றதும் 2015 டிசம்பரின் சென்னை வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் நினைவுக்கு வருகின்றன. மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை; துடைத்து மெருகிட்டு மறுபடி சந்தைக்கு வந்தவையும் உண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் படிந்த கோடு அங்கே நின்றுவிடும். இருக்கையின் கீழுள்ள தண்டவாளத்தில் துருவும் மண்ணும் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். இத்தகைய வண்டிகளில் கணினிப் பெட்டிகள் சில கம்பளத்துக்கு அடியிலேயே உள்ளன. ஒருமுறை நனைந்தவை ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும்.

அடுத்தது வேடிக்கையானது. மலையேறப் பிறந்த வண்டிகள் நம் ஊரில் திருமண மண்டபத்துக்கு மேல் ஏறியதில்லை. சேற்றில் ஓடாத வண்டி என்று தரகர் அதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் மெதுவாகவும் வலுவாகவும் இழுப்பதற்கென்று உள்ள ‘ஃபோர்-லோ’ கியரை ஆண்டுக்கணக்கில் போடாமல் விட்டால் அது இறுகிப்போகும். தார்ச்சாலையில் வேண்டாம், மண்தரையில் அதைப் போட்டுப் பார்த்து, எடுத்தும் பாருங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். வேறுபட்டால் நான்கு சக்கர இயக்கப் பெட்டி வீணே தேயும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர்.

கிலோமீட்டர் குறைவு என்பதில் எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. மீட்டரைத் திருப்பிவிடலாம், தேய்ந்த பெடல் ரப்பரைத் திருப்ப முடியாது. நெடுஞ்சாலையில் ஒன்றரை இலட்சம் ஓடி, ஒவ்வொரு பழுதுக்கும் ரசீது வைத்திருக்கும் வண்டியை, நாற்பதாயிரம் மட்டுமே ஓடி ரசீதே இல்லாத வண்டிக்கு மேலாகக் கொள்வேன். அடிச்சட்டத்தில் புதுக் கறுப்புப் பெயின்ட் மின்னினால் துருவை மூடியிருக்கக்கூடும். சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். மந்தமான ஒலி வந்தால் விலகிவிடுங்கள்.

இனித் தாள்கள். டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பின்னர் வேறு ஆணைகளும் வந்தன. எப்படியாயினும் அங்கே மதிப்பிழந்த வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. விலை மலிவுதான். ஆனால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு வேண்டும். ஆயுள்வரியும் கட்ட வேண்டும். கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கு வங்கி தரும் படிவம் 35 இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

விற்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. விற்றபின்னும் பதிவேட்டில் பெயர் மாறாதிருந்தால், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவரையே சாரும் என 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் 29, 30 படிவங்களில் கையெழுத்திட அவரே முன்வருவார். நானாயிருந்தால், என் பெயரில் ஆர்.சி. வரும்வரை தொகையில் ஒரு பகுதியைக் கையிலேயே வைத்திருப்பேன். தரகர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.