பள்ளி இணையத்தளம்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி



பள்ளிக்கென ஓர் இணையத்தளம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் கேட்கப்படுவது "வடிவமைப்பு எப்படி இருக்கும்?" என்பதுதான். "நாம் எழுதுவதெல்லாம் எங்கே, எப்படிச் சேமிக்கப்படும்?" என்று கேட்பவர் அரிது. இந்த இரண்டாவது கேள்வியே முதலில் எழ வேண்டும் என்பது என் கருத்து. பட்டறிவால் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியின் தளத்தில் மாணவர்களின் கட்டுரைகளை ஏற்றி வந்தோம். தளத்தை வேறொரு வழங்கிக்கு மாற்றியபோது தமிழ் எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாயின. பழைய வழங்கி மூடப்பட்டுவிட்டது. நகலும் எடுத்து வைக்கவில்லை. தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி, "ஐயா, என் கட்டுரை எங்கே?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

காரணம் எளியது. புதிய தரவுத்தளம் லத்தீன்-1 என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் அமைக்கப்பட்டிருந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி பதிவாகிவிடும். எழுத்துகள் வெறும் குழப்பக் குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகப் பதிந்துவிட்டால் மீட்க வழியே இல்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை லத்தீன்-1தான் இயல்பான அமைப்பாக இருந்தது. ஆகவே, பழைய தளம் வைத்திருக்கும் பள்ளிகள் இன்றே சோதித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, உள்ளடக்க மேலாண்மைச் செயலியின் தேர்வு. வேர்ட்பிரஸ், மைஎஸ்க்யூஎல் அல்லது அதன் கிளையான மரியாடிபி தரவுத்தளத்தை நம்பி எழுதப்பட்டது. துருபால், ஜூம்லா ஆகியவை இவற்றோடு போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லிலும் இயங்கும். கணினித் துறையில் பணிபுரியும் பெற்றோர் ஒருவர், "என் வழங்கியில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன்" என்று முன்வரலாம். நல்ல மனத்தை மதிப்போம். ஆனால் அதன்மீது வேர்ட்பிரஸை ஏற்ற, பிறர் எழுதிய இணைப்புச் செருகுநிரலை நாட வேண்டும். வேர்ட்பிரஸ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது முறிந்துபோகும் அச்சம் உண்டு. அந்தத் தரவுத்தளம்தான் கிடைக்கிறது என்றால் துருபாலையோ ஜூம்லாவையோ தேர்ந்தெடுப்பதே முறை.

எது சிறந்தது என்று கேட்டால், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் உறுதியை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் நம் சிறிய பள்ளிகளுக்கு வேர்ட்பிரஸும் மரியாடிபியும் போதும் என்பேன். தளத்தைப் பராமரிப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர்தாம். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடியதாக, உதவிக்கு ஆள் கிடைக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். திறமையைவிடத் தொடர்ச்சியே பள்ளிக்கு முக்கியம்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தாலும், தரவுத்தளம் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டு மட்டுமே தரும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் 2019இல் யூனிகோடில் சேர்ந்த மா, காணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு நான்கு பைட்டு தேவை. இன்று பிள்ளைகள் விரும்பி இடும் முகக்குறிகளுக்கும் அப்படியே.

இன்னொன்று: நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணினியில் மீட்டு, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் பாருங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகல் போதும்.

வடிவமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு குழந்தை எழுதிய சொற்களை மறுபடி எழுதித் தர யாராலும் இயலாது.

சிந்திப்போம், செயல்படுவோம்.