சோறு இறங்காத பிறகு ஓடுவதா?

நெஞ்சு கரிக்கிறதா? ஒரு சோடா. புளித்த ஏப்பமா? கொஞ்சம் சீரகத் தண்ணீர். நெல்லைச் சீமையில் பல வீடுகளில் வைத்தியம் இத்துடன் முடிந்துவிடுகிறது.

ஒரு நாள் சோறு இறங்க மறுக்கும். பிறகு இட்லி இறங்காது. கடைசியில் கஞ்சியும் நின்றுவிடும். அப்போதுதான் குடும்பம் பதறுகிறது. கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு ஓடுகிறது.

இது காலம் கடந்த ஓட்டம்!

உணவுக்குழாயில் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. முதலில் குழாயின் உள்தோல் மாறுகிறது. வலி இராது. அடைப்பும் இராது. அந்தக் கட்டத்தில் அது புற்றுநோயே அல்ல. ஆனால் அப்படியே விட்டால், சிலருக்குப் புற்றுநோயாகிவிடும்.

வயிற்றுப் புளிப்பு ஆண்டுக்கணக்கில் மேலே ஏறி வந்தால், குழாயின் அடிப்பகுதித் தோல் மாறும். 1950-ல் இதைப் பற்றி எழுதியவர், லண்டன் டாக்டர் நார்மன் பாரெட். அவர் பெயராலேயே அந்த மாறுதலை இன்றும் அழைக்கிறார்கள்.

கத்தி இல்லை, தையல் இல்லை

கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்க்கிறார்கள். இதுதான் எண்டாஸ்கோப்பி. சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். கெட்ட மாறுதல் உறுதியானால், அந்த மேல்தோலைச் சூட்டால் கருக்கிவிடுகிறார்கள். கருகுவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இராது. புளிப்பை அடக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். கருகிய இடத்தில் புதுத்தோல் வளர்கிறது.

2009-ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சூட்டு சிகிச்சை பெற்ற 84 பேரில் ஓராண்டில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் வந்தது. அந்தச் சிகிச்சை பெறாத 43 பேரில் 4 பேருக்கு வந்துவிட்டது.

ஒரே தடவையில் முடிகிற வேலை அல்ல இது. இரண்டு மூன்று முறை செய்ய நேரிடும். சிலருக்குக் குழாய் சுருங்கும். அதை விரித்துவிட வேண்டும். பிறகும் அவ்வப்போது கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். இருக்கட்டுமே! குழாயையே அறுத்து எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கன்னத்தில் அடங்கும் எமன்

நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் வேறு. புகையிலை, பாக்கு, பீடி, சாராயம். இவை குழாயின் சாதாரணத் தோலையே கெடுக்கின்றன. அயோடின் மருந்தைத் தெளித்தால் நல்ல தோல் பழுப்பாகும். கெட்ட இடம் நிறம் ஏறாமல் காட்டிக்கொடுக்கும். அதை உள்ளிருந்தபடியே உரித்து எடுக்கும் முறையில் ஜப்பான் டாக்டர்கள் கைதேர்ந்தவர்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான பெருமை. வெற்றிலை மீது பழி இல்லை. அதற்குள் மடித்து வைக்கிற சரக்குதான் எமன். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003-ல் அறிவித்தது.

வீட்டில் ஆச்சி புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாற்றை விழுங்குகிறாள். பேரன் பார்த்துக்கொண்டு இருக்கிறான். "வயசான காலத்தில் போகட்டும்" என்று மகன் விட்டுவிடுகிறான். ஆச்சிக்குச் சாப்பாடு விக்கினால், அதையும் வயசின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இது அன்பு அல்ல, அசட்டை.

நெஞ்செரிச்சல் எல்லாம் புற்றுநோய் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் பல ஆண்டாக எரிகிறவர்கள், அதிலும் ஐம்பது வயதைத் தாண்டி, புகைபிடிக்கிற ஆண்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். விழுங்கும்போது தடங்கல் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது.

சூட்டுக் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். கேமரா பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், நெல்லையிலேயே உண்டு. வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். பத்து நிமிடம் போல ஆகும். காலையில் பார்த்துக்கொண்டவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்பாசமுத்திரம் திரும்பிவிடலாம்.